கடலுக்கு வைத்த பத்திரிகை

குழு என்றால் குறைந்தது இருவராவது வேண்டும் என்பது பெரியோர் கருத்து. எங்கள் குப்பத்துக் கடற்கரைத் தூய்மைக் குழுவில் மிஞ்சியவள் அஞ்சலாட்சி ஒருத்திதான். மற்றவர்கள் முதல் நாள் புகைப்படத்தோடு நின்றுவிட்டார்கள்.

ஒரு வாரம் தனியாகக் கரைக் குப்பையைப் பொறுக்கிக் குவித்தாள். அமாவாசை அலை ஏறினால் அத்தனையும் மறுபடி கடலுக்குள் போய்விடும். மீன் ஏலக் கூட்டத்தில் நின்றிருந்த ஊராட்சித் தலைவர் வைரக்கண்ணுவிடம் போய் டிராக்டர் கேட்டாள்.

“கடல் ஒதுக்கின குப்பைக்கு ஊராட்சி டிராக்டரா? இதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் பேரைச் சொல்லு, உடனே அனுப்புறேன்” என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

அவள் சுருண்டு வெளுத்த பை ஒன்றை நீட்டினாள். “பொடி எழுத்து எனக்குத் தெரியல. நீங்களே உரக்கப் படிங்க தலைவரே.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாகத் தொடங்கினார். “வைரக்கண்ணு இல்லத் திருமண விழா. தங்கள் வருகைக்கு...” குரல் தேய்ந்தது.

“தாம்பூலப் பை கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குத்தானே குடுப்பாங்க? கரையெல்லாம் இதுதான் கிடக்கு. கடலுக்கும் பத்திரிகை வச்சீங்களா?”

அலைக்கு முன்பே டிராக்டர் வந்தது. கூட அள்ளுவதற்குத்தான் யாரும் வரவில்லை.

மறுநாள் விடியலில் குழு மீண்டும் முழு எண்ணிக்கையில் கூடியது. அஞ்சலாட்சி வந்திருந்தாள்.