ரொட்டிக்கும் வாய்க்கும் நடுவில்

"என் மகள் மாட்டைக் கல்லால அடிக்கிறா, ரபி" என்றான் நப்தலி.

துறைமுகத்தை ஒட்டிய யூதத் தெருவுக்கு ரபிதான் குரு. வயதில் நப்தலிக்கு இளையவர்.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

எல்லாமும் செய்து பார்த்தாயிற்று. மகள் திர்சாவோடு உட்கார்ந்து களிமண்ணில் நோவாவின் பேழை செய்தான். உள்ளே போகிற மிருகங்களை ஜோடி ஜோடியாக அவள்தான் பிடித்துக் கொடுத்தாள். பறவைகளுக்குத் தீனி போடுகிற வழக்கமுள்ள 'பாட்டு ஓய்வுநாள்' சனிக்கிழமையில் தானியம் இறைத்தார்கள். உயிர்களை நோகடிக்காதே என்கிற வசனங்களை அவள் தடுமாறாமல் ஒப்பித்தாள். ஒப்பித்த கையோடு கொல்லைக்குப் போய்க் கல்லெடுத்தாள்.

"யேமிமா இருந்தா இப்படி ஆயிருக்காது."

யேமிமா செத்துப்போன அவன் மனைவி. அந்த மாடு அவள் வளர்த்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிட வருவதாகச் சொன்னார் ரபி.

வெள்ளி அந்தி. விளக்கேற்றியாயிற்று. ரபி ரொட்டியின் மேல் ஆசி சொன்னார், ஒரு துண்டு பிட்டார், உப்பில் தொட்டார்.

ஆசி சொன்ன பிறகு, ரொட்டி வாய்க்குள் போகும்வரை யாரும் பேசக் கூடாது. திர்சாவுக்கும் தெரியும்.

ரபி தின்னவில்லை.

கொல்லையில் மாடு கத்தியது. "அம்மா."

திர்சா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா."

"மாட்டுக்குத் தீனி வெச்சாச்சா?" என்றார் ரபி.

திர்சா கையை எடுத்தாள். "நடுவுல பேசிட்டீங்க."

ரபி ஒரு விரலைக் காட்டினார். "இதை மட்டும் கேக்கலாம். சட்டமே விட்டுக் குடுத்திருக்கு. நம்மை நம்பியிருக்கற வாயில்லாத ஜீவன் தின்னாம நாம தின்னக் கூடாது."

"அம்மாவும் நடுவுல இதையேதான் கேப்பா. அப்பா சாப்பிட்டப்புறம் கேலி பண்ணுவாரு, வாரா வாரம் உனக்கு மறந்துபோகுதான்னு."

நப்தலி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். யேமிமா ஒருநாளும் அந்தக் கேலிக்குப் பதில் சொன்னதில்லை, சிரிப்பாள். ஆசி முடிந்து தீனியைப் பற்றிக் கேட்ட கையோடு எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். அவள் திரும்பி வரும்வரை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் காத்திருப்பான்.

"காலையில கொஞ்சம் போட்டேன்" என்றான். "சாயங்காலம் அந்தப் பக்கம் போக என்னால முடியலை."

திர்சா அப்பாவைப் பார்த்தாள்.

"தினம் இந்நேரத்துக்கு அது அம்மாவைக் கூப்பிடுதுப்பா. நான் எத்தனை கூப்பிட்டேன். வரலையே. அது மட்டும் விடாம கூப்பிடுது. அதான் அடிச்சேன்."

"அதுக்குப் பசி, கண்ணு" என்றான் நப்தலி. எழுந்தான். இரண்டடி வைத்து நின்றுவிட்டான்.

அவனைத் தாண்டிக்கொண்டு திர்சா போனாள். மூலையிலிருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள்.

ரபி ரொட்டியைப் பிடித்தபடியே இருந்தார்.

கொல்லைக் கதவு திறந்தது.

"அம்மா" என்றது மாடு.

"இதோ, வந்துட்டேன்" என்றாள் திர்சா.