கோட்டைக்குள் போட்ட கறிவிருந்து

கேளுங்கள் பிள்ளைகளே! ராஜாக்கள் பல்லக்கில் போக, மற்றவர்கள் தோள் கொடுத்து நடந்த காலத்தில், கரட்டூரில் ஒரு ராஜா இருந்தான். ஊருக்கு வெளியே இருந்த நொச்சிக்காட்டை அழித்து அங்கே மாளிகை கட்ட அவனுக்கு ஆசை. ஏற்கெனவே மூன்று மாளிகை இருந்தது. போதவில்லை.

அந்தக் காட்டை நம்பி இருந்தவர்கள் பறவை பிடிப்பவர்கள். நொச்சிக் குச்சி வெட்டிக் கூடை பின்னுவார்கள். கூடையைக் கவிழ்த்து, ஒரு பக்கம் தூக்கிக் குச்சியால் முட்டுக் கொடுப்பார்கள். கவுதாரி உள்ளே போய்க் குச்சியைத் தட்டினால் கூடை விழுந்து மூடிக்கொள்ளும். காடு போனால் கூடை இல்லை. கூடை போனால் அடுப்பு எரியாது.

"காட்டைக் கொடுங்கள்" என்றான் ராஜா.

"மாட்டோம்" என்றார்கள். அடித்துப் பிடுங்க அவனுக்குப் பயம். அவர்கள் ஒன்றாகத் திரண்டு நிற்கிறவர்கள்.

திடீரென்று ராஜாவின் மனம் கனிந்தது. முதல் நாள் குடிசை வாசலுக்கே தினை வந்தது. இரண்டாம் நாள் கோட்டைக்குப் போகும் வழியில் இருந்த ஏரிக்கரைக்கு வரச்சொல்லிப் புதுத்துணி கொடுத்தான். மூன்றாம் நாள் கோட்டைக்குள் கறிவிருந்து என்றான்.

அவர்களில் செம்பாயி என்று ஒருத்தி. அவளுக்குக் கறி என்றால் உயிர். புதுச்சேலை சரசரக்க எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். கோட்டை வாசலில் கறிக்குழம்பு மணம் மூக்கைத் துளைத்தது. காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பெரிய கதவு. அதன் பின்னால் இரண்டு காவலர்கள், தாழ்ப்பாளில் கை வைத்தபடி.

"என்ன மதினி, வயிறு சரியில்லையா?" என்றான் கொழுந்தன் மாசானம்.

"அடேய், கவுதாரிக்கு நாம எப்படிடா தினை போடுவோம்? புதர்கிட்ட கொஞ்சம், வழியில கொஞ்சம், கூடைக்குள்ள குவியலா! நமக்கு வாசல்ல தினை, கரையில சேலை, உள்ளே கறி!"

"அடப்பாவி! ராஜா நம்ம தொழிலுக்கே வந்துட்டாரா?"

உள்ளே பந்திக்கு அருகில் நின்ற ராஜாவைப் பார்த்துச் செம்பாயி உரக்கக் கூவினாள்: "ராஜாவே, இந்தக் கதவைக் கழற்றிடுங்க. வந்து உட்கார்றோம்."

"முடியாது!"

"அப்போ இலையை வெளியே போடுங்க."

"முடியாது!"

"காடு எங்களோடதுன்னு ஊரறியச் சொல்லுங்க. சாப்பிடுறோம்."

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "காட்டைக் கொடுக்காமல் ஒருவரும் வெளியே போக முடியாது!" என்று கத்திவிட்டான்.

"நாங்க இன்னும் உள்ளேயே வரலையே, ராஜா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த காவலர்களும் சிரித்தார்கள். எல்லாரும் காட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். செம்பாயியின் வயிறு மட்டும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தது.

ஆள்கிறவன் கேட்காமலே அள்ளிக் கொடுத்தால், அது நம்மை எங்கே கூட்டிப்போகிறது என்று பார்த்துத்தான் அடுத்த காலை எடுத்து வைக்க வேண்டும்.