மூன்று விசில் குக்கீ

எங்கள் குடியிருப்பில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை எல்லோரும் மொட்டை மாடியில் கூடுவோம். பலகாரம் முறை வைத்து ஒரு வீடு. சென்ற முறை நான் செய்த அதிரசம் இன்னும் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமல் பாரமாக இருந்து உதவுகிறது. இந்த முறையும் என் தட்டு காலியாகாவிட்டால் என்னைச் சமையலிலிருந்து நீக்கிவிடுவது என்று முடிவு.

"உங்களுக்குப் பேப்பர் டம்ளர் அடுக்கற வேலை தர்றோமுங்க" என்றார் மோட்டார் பட்டறை மருதாசலம்.

நான் தட்டைத் திறந்தேன். ஓட்ஸ், சாக்லேட், முந்திரி, வேர்க்கடலை போட்ட குக்கீ, மொத்தம் இருபது. ஒரு கைகூட நீளவில்லை. வேறு வழியின்றிப் பேச ஆரம்பித்தேன்.

"இழுத்து மெல்லற பதத்துக்குச் செஞ்சதுங்க. வீட்ல ஓவன் இல்லை, குக்கர்லதான்."

"தண்ணி ஊத்தாம, வெயிட் போடாமத்தானே?" என்றார் ஜமீலா டீச்சர்.

"அங்கதான் டீச்சர், கைப்பழக்கம். சோத்துக்கு வைக்கிற மாதிரி ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி, வெயிட்டைப் போட்டு, மூணு விசில் விட்டுட்டேன்."

"அதுக்கு முன்னால ஓட்ஸை அரிசி மாதிரி மூணு தடவை களைஞ்சாரு" என்று என் மனைவி கனகமணி எடுத்துக் கொடுத்தாள்.

"அதனாலதான் இந்தப் பதம்! காலையில ஒண்ணைக் கடிச்சேன். ஒரு முனை என் பல்லுல, மறு முனை சமையல் மேடையில ஒட்டிக்கிச்சு. அப்படியே நடந்தேன். நாலு மாடி இறங்கியும் அறுபடலீங்க."

"லிஃப்ட் கதவு மூடினா அறுந்துருக்குமே?" என்றார் மருதாசலம்.

"படியிலதானுங்க இறங்கினேன். நான் பொய் சொல்வேனா? தெருவுல ஒரு காக்கா அதை நடுவுல கவ்விட்டுப் பறந்துச்சு. நானும் தொங்கிக்கிட்டே சிங்காநல்லூர் குளம் வரைக்கும் போனேன். அங்க குக்கீ சுருங்குச்சு பாருங்க! நான், காக்கா, வேடிக்கை பார்க்க வந்த ரெண்டு நாரை, எல்லாரும் நேரா எங்க சமையல் மேடை மேல வந்து விழுந்தோம்."

"நாரைங்க எங்க?" என்றார் ஜமீலா டீச்சர்.

"காபி குடிச்சுட்டுக் கிளம்பிருச்சுங்க."

கனகமணி சிரிப்பை மறைக்க மாடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை.

"மறுபடி கிளம்பினேன். மேம்பாலத்துல டவுன் பஸ் ஒண்ணு ஏற மாட்டாம நிக்குது. டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். குக்கீயை பம்பர்ல ஒரு சுத்து சுத்தி, பல்லாலயே இழுத்தேன். பஸ் உச்சிக்கு ஏறிருச்சு. ஆனா மேடையில ஒட்டின முனை சும்மா இருக்குமா? ஒரே இழுப்பு! பஸ் பின்னாலயே போய், ஏறின ஸ்டாப்புலயே எல்லாரும் இறங்கினாங்க."

மருதாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, என் பட்டறை பெல்ட்டே அந்த இழுப்பு தாங்காது. இது பொய்யின்னு இப்பவே காட்டறேன்!" என்று ஒரு குக்கீயைக் கடித்து இழுத்தார். அது விரல் நீளம் நீண்டு அறுந்தது. மீதியை வாயில் போட்டு மென்றார்.

"உங்களுக்கு இழுக்கத் தெரியலை" என்று ஜமீலா டீச்சர் ஒன்றை எடுத்து இழுத்து, ஒரு சாண் வந்தது என்றார். அடுத்தவர் அவர் அளவை நம்பவில்லை. ஆளுக்கு ஆள் இழுத்துப் பார்த்ததில் தட்டில் துகள்தான் மிச்சம்.

"தட்டு காலிங்க!" என்று நான் அதைத் தூக்கிக் காட்டினேன்.

மருதாசலம் நிதானமாக மென்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முறையில உங்களை வெச்சுக்கறோமுங்க. அடுத்த தடவையும் கதை உங்களுதுதான். பலகாரத்தை மட்டும் கடையில வாங்கிட்டு வந்துருங்க."