வங்கிக்குள் வந்த கடல்

ஒரு வங்கிக்குள்ளே கடல் புகுந்த கதை உங்களுக்குத் தெரியுமா? புயலெல்லாம் ஒன்றும் அடிக்கவில்லை. கோணமேட்டுக்காரர்கள் மூன்று பேர் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

கோணமேட்டில் கடல் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். அந்தத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவரும் மரியாதை சடையப்பன் வீட்டுக்கு. இந்த வருஷம் நாட்டாமை கறாராகச் சொல்லிவிட்டார்.

"போன தடவை வாய்க்கால்ல மொண்டு உப்பைப் போட்டுக் கொண்டாந்தே. இந்தத் தடவை உன் பூட்டன் குடத்தை முக்குன அதே இடத்துல, பட்டணத்துக் கல் வளைவுக்கு நேர் எதிரே முக்கணும். ஒரு முழம் தள்ளுனாலும் மரியாதை உன் பங்காளி வீட்டுக்குப் போயிடும்."

சடையப்பன் உடனே குடத்தை எடுத்தார். பொண்டாட்டி மூக்கம்மாவையும் அவள் தம்பி ஒச்சப்பனையும் கூட்டிக்கொண்டு துறைமுகப் பட்டணத்துக்கு பஸ் ஏறினார். கல் வளைவு எங்கே என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில், பழைய பட்டணத்தை நடந்தே சுற்றிக்காட்டும் பிலோமினா என்ற பெண்ணின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

"தெருவெல்லாம் ஜனமா இருக்கும். என் குடையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க," என்றாள் பிலோமினா.

எடுக்கவே இல்லை. அவள் பழைய சுங்கக் கட்டடத்தைக் காட்டினாள். மூவரும் குடையைப் பார்த்தார்கள். டச்சுக்காரர் கல்லறையைக் காட்டினாள், குடையைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, குடையைப் பார்த்தபடியே கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டான்.

"எப்படி இருக்கு எங்க ஊரு?" என்று அவள் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி," என்றாள் மூக்கம்மா. "ஓரத்துல ஒரு கம்பி மட்டும் வளைஞ்சிருக்கு."

ஒருவழியாகக் கல் வளைவு வந்தது. "அந்தக் காலத்துல கடல் இதுக்கு எதிர்லயே இருந்துச்சு. துறைமுகம் கட்டினப்புறம் மணல் சேர்ந்து, தள்ளிப் போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு பிலோமினா மற்றவர்களோடு நகர்ந்தாள்.

சடையப்பன் எதிரே பார்த்தார். கண்ணாடிக் கதவும் காவலாளியுமாக ஒரு வங்கி நின்றது. மூவரும் நடைபாதையில் குந்தினார்கள்.

"கடல் அந்தா தெரியுது மச்சான். போய் மொண்டுக்குவோம்," என்றான் ஒச்சப்பன்.

"இடம் தப்பு மாப்ளே."

"அப்ப இங்கேயே மொள்ளுவோம்."

"தண்ணி இல்லையே மாப்ளே."

மூக்கம்மா நெடுநேரம் யோசித்தாள். "ஏங்க, இடத்தைத் தூக்க முடியாது, கனம். தண்ணியைத் தூக்கிடலாம்."

"இவ்வளவு மூளையை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் புளி கரைச்சே?" என்று சடையப்பன் கண் கலங்கினார்.

குடம் ஒன்று, டீக்கடையில் இரவல் வாங்கிய வாளி இரண்டு, மூன்றிலும் கடலில் மொண்டு வந்தார்கள். "கடல் வருது, வழி விடுங்க," என்று மூக்கம்மா சொன்ன தோரணையில் காவலாளியே கதவைத் திறந்துவிட்டான். உள்ளே தரையில் கவிழ்த்தார்கள். பால் குடித்த பிள்ளை கக்கின மாதிரி, வேண்டாத பக்கமெல்லாம் தண்ணீர் ஓடியது. பணம் கட்ட வந்தவர்கள் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அலை இல்லையே மச்சான். அலை இல்லாட்டி இது குளம்ல?"

"அப்ப அடி மாப்ளே."

ஒச்சப்பன் குப்புறப் படுத்து இரண்டு காலாலும் அடித்தான். ஓடிவந்த மேனேஜரின் பேண்ட் முழங்கால் வரை நனைந்தது.

"யாருய்யா நீங்க?"

"கரையில நில்லுங்க சார், இழுத்துட்டுப் போயிடும்," என்றாள் மூக்கம்மா, துண்டை நனைத்து நனைத்துக் குடத்தில் பிழிந்தபடி.

குடம் நிறைந்தது. பூட்டன் இடம், கடல் தண்ணீர், அலையும் உண்டு. சடையப்பன் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிமிரும்போது, மேனேஜர் துடைப்பக்காரம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரத்துணியோடு வருவதைக் கண்டதும் சடையப்பன் குறுக்கே ஓடினார். குடத்தை ஒச்சப்பனிடம் கொடுத்துவிட்டு மேனேஜர் காலில் விழுந்தார்.

"ஐயா, துடைச்சிடாதீங்க. எங்க பூட்டன் காலத்துக்கு அப்புறம் இப்பத்தான் கடல் திரும்பி வந்திருக்கு. அடுத்த கொடைக்கு நாங்க வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். அலை அடிக்க உங்க ஆள் ஒருத்தரைப் போடுங்க, அவருக்கு மட்டும், உங்க வழக்கப்படியே, ஞாயித்துக்கிழமை லீவு விட்டுருங்க."