முதுகுக்கு அந்தப் பக்கம்

முன்னொரு காலத்தில், மழையெல்லாம் ஒழுங்காகப் பெய்து, ராஜாக்கள் மட்டும் கோணல்மாணலாகச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், ஒரு ராஜா பக்கத்து நாட்டோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தார். ஜெயித்தது என்னவோ உண்மைதான். எல்லையில் ஆற்றோரமாகக் கிடந்த வயல்வெளி முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சண்டைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் நடந்துபோயிற்று. ராஜா குதிரையிலிருந்து கீழே விழுந்துவிட்டார்.

ராஜா விழுந்தார் என்று எந்த நாட்டிலாவது வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் நாக்கு மிஞ்சுமா? ஆகவே படைத்தலைவரான தளவாய் சிங்கராயர் அதற்குத் தோதாக ஒரு கதை கட்டினார். "அரசே, தாங்களாகவா விழுந்தீர்கள்? நம் படையில் ஒரு கோழை பகைவரைக் கண்டு பயந்து திரும்பி ஓடி வந்தான். வந்த வேகத்தில் தங்களை மோதித் தள்ளிவிட்டான். நான் தங்கள் பக்கத்திலேயேதான் இருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்றார்.

சேறும் கூச்சலுமாக இருந்ததில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று ராஜாவுக்கே சரியாக நினைவில்லை. தளவாயின் கதை அவருக்குப் பாயசமாக இனித்தது. "ஆமாம் ஆமாம்! எருமைமாடு மாதிரி ஒருவன் என்மேல் விழுந்தான். காதுக்குள்ளேயே ஏதோ கத்தினான். என்னைத் திட்டியிருப்பான் படுபாவி!" என்று மீசையை முறுக்கினார்.

கோபத்தோடு நின்றாரா? போட்டார் ஒரு சட்டம். படைவீரர்கள் எல்லோரும் மேலாடை இல்லாமல் சபையில் வந்து நிற்க வேண்டும். மார்பில் காயம் பட்டவன் விசுவாசி. அவனுக்குத் தங்கக் காப்பு. முதுகில் காயம் பட்டவன் புறமுதுகிட்டு ஓடிய துரோகி. அவனுக்கு மொட்டை அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டு, பெண்டாட்டியோடு எல்லைக்கு வெளியே துரத்திவிட வேண்டும்.

அந்தச் சபையில் சுண்டையப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். பேருக்கேற்ற உடம்பு. வாய் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. தம்மைக் கேலி செய்து அவன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே என்று தளவாய்க்குப் பல நாளாகப் புகைச்சல். சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரர்கள் வரிசையாக வந்தார்கள். காப்பு வாங்கினார்கள், போனார்கள். கடைசியில் இருளாண்டி வந்தான். ராஜாவின் குதிரைக்கு முன்னால் ஓடும் காலாள் அவன். மார்பில் ஒரு கீறல்கூட இல்லை. திரும்பச் சொன்னார்கள். திரும்பினான். முதுகில் அம்பு பாய்ந்த காயம், பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது.

"இவன்தான் அரசே! தங்களைத் தள்ளிய கோழை இவனேதான்!" என்று கத்தினார் தளவாய்.

"ஓடினாயா?" என்றார் ராஜா.

"இல்லை மகாராசா."

"ஓடாதவனுக்கு முதுகில் எப்படியடா காயம் வரும்?"

இருளாண்டி ராஜாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். எத்தனை முறை கேட்டும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தூணோரமாக நின்றிருந்த அவன் மனைவி பேச்சி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சுண்டையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு சாப்பிட்டிருக்கலாம். "அரசே, முதுகில் பட்டதெல்லாம் ஓடிப் பட்டது என்று சொல்லிவிட முடியுமா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

தளவாய்க்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "அப்படியா விகடரே? ஓடாத ஒருவன், ராஜ விசுவாசம் உள்ள ஒருவன், முதுகில் அடிபடுவதை நாளைக்கு இந்தச் சபையில் நடத்திக் காட்டும். வார்த்தையால் மழுப்பக் கூடாது. நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு கழுதை தயாராக இருக்கிறது" என்றார். ராஜாவுக்கும் அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்!" என்றார்.

சுண்டையப்பன் கைகூப்பிக்கொண்டு சொன்னான்: "உத்தரவு அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். அடிப்பதற்கு என்ன ஆயுதம் என்பதை நான் முடிவு செய்வேன். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது. ஆனால் யாரை நோக்கி எறிந்தாலும் என்மேல் கோபிக்கக் கூடாது. இதற்குச் சபையறிய வாக்குத் தர வேண்டும்."

"தந்தேன்!" என்றார் ராஜா.

அன்று மாலையே அவன், இருளாண்டியை அடைத்து வைத்திருந்த சிறைச்சாலைக்குப் போனான். இருளாண்டி குப்புறப் படுத்திருந்தான். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பச்சிலையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இருளாண்டி, உனக்காகத் தலையைக் கொடுத்துட்டு வந்திருக்கேன். என்ன நடந்ததுன்னு என்கிட்டயாவது சொல்லுப்பா."

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நான் ஓடலை. அதுக்கு மேல எதையும் கேக்காதீக."

"கேட்டீகளா?" என்று பேச்சி வெடித்தாள். "இதையே சொல்லிச் சொல்லி என் உசிரை வாங்குறாக. ஏ மனுசா, நாளைக்கு உம்மைக் கழுதையில ஏத்துனா, அடுத்த ஊருக்காரன் நமக்கு ஒரு வாய்த் தண்ணி குடுப்பானா? என்னன்னுதான் சொல்லித் தொலையுமே!"

"சொன்னா வேற ஒருத்தருக்குத் தலைகுனிவு புள்ள. சொல்லாட்டி நமக்கு மட்டுந்தான்."

"நமக்கு மட்டுந்தானாம்! பெருமையப் பாரு!" என்று அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே கட்டை இறுக்காமல் பதமாக முடிச்சுப் போட்டாள்.

சுண்டையப்பன் அந்த 'வேற ஒருத்தரை' யோசித்தான். சண்டை முடிந்து ராஜா பாசறைக்குத் திரும்பிய கோலம் அவன் கண்முன் வந்தது. மூக்கில் சேறு, மீசையில் சேறு, மார்பெல்லாம் சேறு. முதுகுப் பக்கம் மட்டும் பட்டு அங்கி பளபளவென்று இருந்தது. எதிரே ஓடி வந்தவன் முட்டித் தள்ளியிருந்தால் மனுஷர் மல்லாக்க அல்லவா விழுந்திருக்க வேண்டும்? இவரோ குப்புற விழுந்திருக்கிறார். முதுகில் சேறு படாமல் எவனோ மேலே மூடிக்கொண்டிருக்கிறான். அடப்பாவி மனுஷா, கழுதை ஏறப்போகிற நேரத்திலும் ராஜா விழுந்த கதையை வெளியே விடாமல் இருக்கிறாயே என்று சுண்டையப்பன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு அழவும் தோன்றியது. அதைவிட அதிகமாகச் சிரிக்கத் தோன்றியது.

"சரி, நீ பேசவே வேண்டாம். நாளைக்கு நான் நிற்கச் சொல்ற இடத்தில நின்னாப் போதும்" என்று எழுந்தான். "பேச்சி, உனக்கு வரட்டி தட்டத் தெரியுமா தாயி?"

"அது தெரியாமத்தான் வாக்கப்பட்டு வந்தேனாக்கும்?" என்றாள் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்படின்னா விடியக்காலை ஒரு கூடை பசுஞ்சாணி கொண்டா. நல்லா உருட்டி வை."

மறுநாள் சபையில் எள் போட்டால் கீழே விழாது. வாசலில் இரண்டு கழுதைகள் கட்டிக் கிடந்தன. சுண்டையப்பன் ஈரத்துணி மூடிய ஒரு கூடையோடு வந்து ராஜாவுக்கு எதிரே நின்றான்.

"அரசே, சண்டையில் நின்ற மாதிரியே எல்லோரும் நிற்கட்டும். தளவாய் தங்கள் பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னாரே, அவர் கேடயத்தோடு வலப்பக்கம் நிற்கட்டும். இருளாண்டி இடப்பக்கம் நிற்கட்டும்."

இருளாண்டியின் கைகளைக் கட்டியிருந்தார்கள். அவிழ்க்க முடியாது என்றார் தளவாய். "அவிழ்க்க வேண்டாம், இருக்கட்டும்" என்றான் சுண்டையப்பன். அவன் கூடைக்குள் கைவிட்டான். இருளாண்டி அசையாமல் நின்றுவிட்டால் நம் கதி என்ன என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்தால் வேலை நடக்காது என்று பெருங்குரலெடுத்துக் கத்தினான்.

"எதிரி! ராஜாமேல் குறி!"

கத்திக்கொண்டே ராஜாவின் நெஞ்சைப் பார்த்து ஓங்கி எறிந்தான்.

தளவாய் கேடயத்தைத் தூக்கினார். யாருக்காக? தமக்காக. தூக்கிய வேகத்திலேயே சிங்காசனத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இருளாண்டியோ வருவது வேலா, அம்பா, என்ன எழவு என்று பார்க்கவே இல்லை. கை கட்டியிருந்ததால் உடம்போடு பாய்ந்தான். ராஜாவைத் தோளால் தள்ளிச் சிங்காசனத்திலிருந்து கீழே உருட்டி, அவரைக் குப்புறப் போட்டு மேலே கவிழ்ந்துகொண்டான்.

"தலையத் தூக்காதீக மகாராசா! நான் இருக்கேன், தலையத் தூக்காதீக!"

சொத்தென்று முதல் உருண்டை அவன் முதுகில் விழுந்தது. இரண்டாவதும் முதுகில். மூன்றாவதும் முதுகில். கட்டுப் போட்ட இடத்தில் படாமல் எறிந்ததுதான் சுண்டையப்பனின் புண்ணியம். சபை முழுவதும் மாட்டுத் தொழுவ வாடை பரவியது. மந்திரிகள் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காவலர்கள் வாளை உருவிக்கொண்டு சுண்டையப்பன்மேல் பாய்ந்தார்கள்.

"ராஜ வாக்கு! ராஜ வாக்கு!" என்று அவன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"நில்லுங்கள்" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

ராஜா இன்னும் எழுந்திருக்கவில்லை. கம்பளத்தில் முகத்தை வைத்தபடியே கிடந்தார். அந்தக் கனம் அவருக்குத் தெரிந்த கனம். அந்தக் குரல் அன்றைக்குச் சேற்றில் கிடந்தபோது அவர் காதுக்குள் கத்திய குரல். அன்றைக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இன்றைக்கு எல்லாம் புரிந்தது.

மெல்ல எழுந்தார். அவர் அங்கியில் ஒரு பொட்டுச் சாணிகூட இல்லை.

சுண்டையப்பன் கூடையைக் கழற்றிவிட்டுப் பணிவாகச் சொன்னான்: "அரசே, தாங்கள் போட்ட சட்டப்படி சோதித்துவிடலாம். இருளாண்டியின் முதுகெல்லாம் சாணி. சட்டப்படி துரோகி. கழுதையைக் கூப்பிடவா? தளவாய்க்கு மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை. அவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்றுதான் அடியேனுக்கு விளங்கவில்லை."

சிங்காசனத்துக்குப் பின்னாலிருந்து தளவாய் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா அரசே! அன்றைக்கும் இவன் இப்படித்தான் தங்கள்மேல் விழுந்தான்! இதே மாதிரிதான்! என் கண்ணால் பார்த்தேன்!"

"இதே மாதிரியா?" என்றார் ராஜா.

"இதே மாதிரி!"

"நான் கீழே குப்புறக் கிடந்தேன், இவன் மேலே கிடந்தான். அப்படித்தானே? அப்போது நீர் எங்கே இருந்தீர்?"

தளவாய் கேடயத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ராஜா சபையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் காது சிவந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அன்றைக்குச் சண்டையில் குதிரை ஏறியதைவிட இது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"சபையோரே! என்னை ஒருவரும் தள்ளவில்லை. குதிரைக்குச் சேற்றில் கால் வழுக்கிற்று. நான் விழுந்தேன். மழைக்காலத் தவளை மாதிரி தொபுக்கடீர் என்று குப்புற விழுந்தேன். என்மேல் வந்த அம்பை இவன் முதுகில் வாங்கினான்."

முதலில் சிரித்தது ராஜாதான். தவளை என்று சொன்னது அவருக்கே தாங்கவில்லை. அப்புறம் சபை மொத்தமும் சிரித்தது. தூணோரமாக நின்ற பேச்சி மட்டும் அழுதாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

ராஜா தம் கையாலேயே இருளாண்டியின் கட்டை அவிழ்த்தார். "நேற்று நான் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாமே அப்பா. ஏன் சொல்லவில்லை?"

இருளாண்டி தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு ஒங்க உசிரோட மானத்தையும் சேத்துத்தான சாமி மூடுனேன். ஒண்ணைக் காப்பாத்திட்டு மத்ததை நானே எப்படித் தொறந்து காட்டுறது?"

ராஜா அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். பிறகு உத்தரவிட்டார். பழைய சட்டம் அன்றோடு ஒழிந்தது. இனிமேல் முதுகில் காயத்தோடு ஒரு வீரன் வந்தால், அவன் முதுகுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

"தளவாயை என்ன செய்யலாம் சுண்டையப்பா?"

"பின்னால் நிற்பதில் நல்ல பழக்கம் உள்ளவர் அரசே. மாட்டுத் தொழுவத்தை ஒப்படைத்துவிடுங்கள். முதல் வேலையாக இந்தச் சபையைக் கழுவட்டும்."

அப்படியே நடந்தது. சுண்டையப்பனுக்கு ராஜா தம் கழுத்து முத்துமாலையைப் போட்டார். தனக்கென்று கட்டியிருந்த கழுதையும் வேண்டும் என்று அவன் கேட்டு வாங்கிக்கொண்டான், என்றைக்காவது உதவும் என்று.

"இருளாண்டி, நான் விழுந்தேனே, அந்த வயலை உனக்கே தருகிறேன்" என்றார் ராஜா.

பேச்சி முன்னால் வந்து கும்பிட்டாள். "மகாராசா தப்பா நினைக்கக் கூடாது. மண்ணு எப்படி? விளையுமா?"

"விளையுமாவா? அருமையான வண்டல் தாயே! மூக்கு வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்!" என்று ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

தை மாதம் அந்த வயலில் விளைந்த நெல்லைக் குத்தி, ஒரு மூட்டைப் புத்தரிசியை இருளாண்டியும் பேச்சியும் அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். ராஜா அன்றைக்கு அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டார். முதல் கவளத்தை எடுத்ததும், "இதுநாள் வரைக்கும் நீ என் சோற்றைத் தின்றாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் இருளாண்டி" என்று சொல்லிவிட்டு, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடச் சொன்னார்.