புள்ளி வைக்காத சொல்

மொச்சையை ஊறப்போட்டு ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருக்கிறேன். வேலை கைக்குத்தான். வாய் சும்மா இருக்கிறது. குழந்தையை அத்தை தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் ஒரு கதை.

இங்கிலாந்தில், துணி நெய்கிற ஊர் ஒன்றில், இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் ஆம்ப்ரோஸ் என்று ஒரு கவிஞர் இருந்தாராம். பாட்டு எழுதினால் வயிறு நிறையவில்லை. பேசுகிற வேகத்துக்கு எழுத ஒரு சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். மெய்யெழுத்துக்கு ஒரு கோடு. உயிரெழுத்துக்கு, அந்தக் கோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி. அவசரமென்றால் புள்ளியை விட்டுவிடலாம்.

அவரிடம் படித்தவர் கில்பர்ட், கோர்ட்டு குமாஸ்தா. வாத்தியாரைவிட இவருக்கு நாலு வயது கூட. ஒரு நாள் மத்தியானம் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“உட்காருங்க கில்பர்ட். சாப்பிட்டீங்களா?”

“சாப்பாடு இறங்கலை ஐயா. ஜோயல் நோட்டை என்கிட்ட கொடுத்திருக்காங்க. நாளைக்கு ஜட்ஜ் முன்னால நான் வாசிக்கணும்.”

ஜோயல், ஆம்ப்ரோஸின் தங்கை புருஷன். இதே எழுத்தைப் படித்தவர். ராஜாவுக்கு எதிராகச் சதி செய்தார் என்று அவரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். அந்த நோட்டுதான் சாட்சி.

“என்னைக் கூப்பிடலையே.”

“நீங்க மச்சினர். நீங்க எப்படி வாசிச்சாலும் நம்ப மாட்டாங்க.”

பக்கத்து அறையில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“சந்தேகம் ஒரே இடத்துலதான்,” என்றார் கில்பர்ட். “ராஜான்னு எழுதியிருக்கு. பக்கத்துல ரெண்டு கோடு. க், ல். புள்ளி இல்லை.”

அவர்கள் பாஷையில் அது என்ன சொல்லோ, எனக்குத் தெரியாது. நம்ம சொல்லை வைத்தே சொல்கிறேன். ‘கோல்’ என்று வாசித்தால் ராஜாவின் கோல், பாட்டில் வருகிற சாதாரணச் சொல். ‘கொல்’ என்று வாசித்தால் ஜோயலுக்குத் தூக்கு.

“உங்களுக்கு எப்படி வந்தது?”

“பார்த்ததும் கொல்னுதான் வந்தது.”

ஆம்ப்ரோஸ் எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு பழைய பயிற்சி நோட்டை எடுத்து வந்தார். கில்பர்ட் படிக்கிற காலத்தில் எழுதியது. ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

“வாசிங்க.”

“மேய்ப்பன் கையில் கோல்.”

“புள்ளி இல்லையே.”

“நான் எழுதினது ஐயா. என் மனசுல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஜோயல் நோட்டுல கொல்னு வாசிச்சீங்களே. அது யார் மனசுல இருந்தது?”

கில்பர்ட் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“கில்பர்ட் எழுதினதும் கோழி கிளறினதும் ஒண்ணுன்னு ஜோயல் சொன்னான். பத்துப் பேர் முன்னால. நீங்களும் சிரிச்சீங்க.”

“சிரிச்சேன்.”

“அதுக்காக ஒருத்தனைத் தூக்குல ஏத்துறவன் இல்லை நான். நிஜமாவே எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது.”

“தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப கோல்னு வாசிக்கச் சொல்றீங்களா?”

பக்கத்து அறையில் துணிச் சத்தம் நின்றுவிட்டது.

“நான் அப்படிச் சொல்லலை,” என்றார் ஆம்ப்ரோஸ்.

“பின்னே, அவன் எழுதினது எதுதான்?”

“எனக்கும் தெரியாது. அவர் புள்ளி வைக்கலை.”

“புள்ளியை விட்டா நேரம் மிச்சம்னு சொல்லிக்கொடுத்தது நீங்கதானே ஐயா.”

“ஆமா,” என்றார் ஆம்ப்ரோஸ். “நான்தான்.”

“நாளைக்குக் காலையில பைபிள் மேல கை வச்சு, மெய்யைத் தவிர வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணணும். கோல்னு சொன்னாலும் பொய்யாயிடும் போல இருக்கு. கொல்னு சொன்னாலும் அப்படித்தான். நான் என்ன செய்ய?”

“மெய்யை மட்டும் வாசிங்க,” என்றார் ஆம்ப்ரோஸ். “உயிர்ல கை வைக்காதீங்க.”

கில்பர்ட் பயிற்சி நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் கோர்ட்டில் நிற்க இடமில்லை. கில்பர்ட் சத்தியம் செய்துவிட்டு நோட்டைப் பிரித்தார். “ராஜா,” என்று வாசித்தார். “க்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ல்,” என்றார்.

“அப்புறம்?” என்று கேட்டார் ஜட்ஜ்.

“அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

ஜட்ஜ் பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்தவர் எழுதாமல், ஜோயல் நின்ற பக்கம் திரும்பி…

குழந்தை முழிச்சிடுச்சா? இந்தா வந்துட்டேன் அத்தை, தொட்டிலை விட்டுடாதீங்க, கையைக் கழுவிட்டு…