நாலாவது ஊசி

குழந்தைவேலு ஐம்பத்தொரு வயதில் மறுபடியும் மாணவரானார். இருபது வருடம் தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை பார்த்த மனிதர், புற்றுநோய்க் கட்டி அறுவை சிகிச்சை படிக்க வந்திருந்தார். வாய்த்த ஆசிரியர் டாக்டர் நஸ்ரின், அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

ஒருநாள் காலையில் குழந்தைவேலு ஒரு ரிப்போர்ட்டை நஸ்ரினின் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"மூணாவது தடவையா ஊசி குத்தி எடுத்துப் பாத்தாச்சு மேடம். உறைஞ்ச ரத்தம்னே வருது. கேன்சர் செல் ஒண்ணுகூட இல்லை."

"யாருக்கு?"

"மீன் விக்கிற செபஸ்தியம்மாள். பஸ் படியில விழுந்து தொடைக்குள்ள ரத்தம் கட்டினவங்க. நாலு மாசமாச்சு. எடுக்க எடுக்க ஊறுது."

"ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"இல்லை."

"அடிபட்ட ரத்தம் நாலு மாசம் வளருமா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஊசி பதில் சொல்ல மாட்டேங்குது."

நஸ்ரின் எழுந்தார். "வாங்க."

வார்டில் அவர்களைப் பார்த்ததும் செபஸ்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னொரு ஊசியா?"

"ஊசி இல்லைம்மா." நஸ்ரின் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "காலுக்கு முதல்ல என்ன ஆச்சு, சொல்லுங்க."

"கூடையத் தூக்கினா கால் கனத்துச்சு. அமுக்கிப் பாத்தா உள்ள எலுமிச்சங்கா கணக்கா ஒரு உருண்டை. ஒரு மாசம் கழிச்சு, அந்தக் காலைத் தூக்க முடியாமத்தான் பஸ் படியில விழுந்தேன்."

குழந்தைவேலு கேஸ் ஷீட்டைத் திறந்தார். முதல் வரி அவர் கையெழுத்துதான். விழுந்ததால் வீக்கம் என்றிருந்தது.

மதியம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குளத்தின் ஒரு கரை மட்டும் கட்டைவிரல் கனத்துக்குத் தடித்திருந்தது. நாலாவது ஊசி முந்தைய மூன்றைப்போல் நடுவில் போகவில்லை, அந்தக் கரையில் இறங்கியது.

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. தசையில் புற்றுநோய். ரத்தம் கசிந்ததும் அதனால்தான். நுரையீரலுக்குப் பரவவில்லை, அறுவை செய்து காலைக் காப்பாற்றிவிடலாம்.

செபஸ்தியம்மாளிடம் குழந்தைவேலுவே போய்ச் சொன்னார்.

"இதைக் கண்டுபிடிக்க நாலு மாசமா?" என்றாள் அவள்.

நஸ்ரினின் அறைக்கு வந்து நின்றபோதும் குழந்தைவேலுவுக்கு எரிச்சல் அடங்கவில்லை.

"உருண்டை முதல்ல வந்ததை அந்தம்மா என்கிட்ட ஏன் சொல்லலை மேடம்? நானும்தானே கேட்டேன்?"

"என்ன கேட்டீங்க?"

"எங்க விழுந்தீங்கன்னு."

"எங்கன்னு சரியாத்தான் சொல்லியிருக்காங்க, டாக்டர்."